நீ ஒரு வாய், நான் ஒரு வாய்

அப்பா கடைசியாகச் செய்த சாதாரண வேலை, என் குடையைச் சரிசெய்தது.

ஒரு கம்பி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. குடையை மடியில் விரித்துப் போட்டு, மெல்லிய செம்புக் கம்பியைப் பல்லில் கடித்தபடி ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். வேலைக்காலம் முழுவதும் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். எதையாவது முறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தால்தான் அவருக்குப் பொழுது போகும்.

"இது குடையா, வலையா? எதைப் பிடிக்கப் போற இதை வெச்சு?"

"மாப்பிள்ளையப் பிடிக்கலாம்னு இருக்கேன்பா."

"அப்ப இந்த ஓட்டைய அடைக்காம விடறேன். பொடி மீனெல்லாம் போயிடும்."

இரண்டு முறை விரித்து மடக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். கை கழுவினார். குளிர்பெட்டியிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்து, சட்டையைத் தூக்கி, வயிற்றில் குத்திக்கொண்டார். காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டிய ஊசி. போட்டதும் சாப்பிட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் உடம்பில் சர்க்கரை இறங்கிவிடும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஊசி போடுகிறவருக்கு நன்றாகவே தெரியும்.

முந்தின நாள் மாலைதான் அத்தை பெட்டியோடு வந்து இறங்கியிருந்தாள். அப்பாவின் ஒரே தங்கை அவள். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்காவைப் பார்த்து, "யாருடி இது, துணி காயப்போட்ட கொடி மாதிரி?" என்று கேட்டாள்.

அக்காவுக்கு முப்பது தாண்டிவிட்டது. கட்டட வரைபடம் போடுகிறவள். அலுவலகத்துக்குப் போக முடியாமல் ஆன பிறகு, வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிறத்தியார் வீட்டுச் சமையலறைகளை அளந்து வரைந்துகொண்டிருந்தாள். சாப்பிடாமல் இருப்பது அவளுக்கு நோய். பிடிவாதம், அழகு ஆசை, யாரையோ பழிவாங்கல் என்று வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். நோய் என்று சொன்னவர், ஆஸ்பத்திரியில் அவளைக் கவனித்துக்கொண்ட டாக்டர் ஒருவர்தான்.

வாரம் ஒரு முறை அங்கே போய் எடை பார்க்க வேண்டும். போன வாரம் பார்த்தபோது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இனி கொஞ்சம் குறைந்தாலும் வார்டில் சேர்த்துத்தான் ஆக வேண்டும். மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் உணவு. ஏற்கெனவே ஒரு தடவை அப்படிச் சேர்த்திருந்தோம். கையெழுத்துப் போட்டது அம்மா. வீடு திரும்பிய அக்கா, அம்மாவோடு பேசுவதையே விட்டுவிட்டாள். எங்கள் வீட்டில் அவர்கள் இருவரும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

"இனிமே அந்த வார்டுக்கு உன்னை விட மாட்டேன்" என்று அப்பா அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு எடை பார்க்கும் நாளும் அவருக்குத்தான் பரீட்சை. அன்றும் எடை பார்க்கும் நாள்.

அப்பாவின் வழி ஒன்றே ஒன்று. நீ ஒரு வாய், நான் ஒரு வாய். அக்காவின் தட்டில் இருப்பதே அவர் தட்டிலும் இருக்கும். அவள் ஒரு துண்டு ரொட்டி எடுத்தால் அவரும் எடுப்பார். அவள் நிறுத்தினால் அவரும் நிறுத்துவார். "என்னைப் பட்டினி போடணும்னா போடு" என்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சின்ன வயதில் எங்களுக்குப் பால் குடிக்க வைத்த அதே தந்திரம். அப்போது பலித்தது.

அக்கா இரக்கமே இல்லாமல் சிரிப்பாள். "தியாகி வந்தாச்சு. மாலை எங்க?"

"மாலையெல்லாம் வேண்டாம். முட்டைய முடி."

இந்த ஒரு வருஷத்தில் அப்பாவும் இளைத்துவிட்டார். பெல்ட்டில் ஆணியைச் சுட்டுப் புது ஓட்டை போட்டுக்கொண்டார். கீழ்வீட்டுத் தையல்காரர், "சுகரை நல்லா கட்டுப்பாட்டுல வெச்சிருக்கீங்க போல, வாலிபன் மாதிரி ஆயிட்டீங்க" என்று பாராட்டினார். அப்பா அதைச் சாப்பாட்டு மேசையில் பெருமையாக வேறு சொன்னார். ஊசியின் அளவு மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. அவர் பழையபடி சாப்பிட்ட காலத்து அளவு.

ஆஸ்பத்திரியில் வாராவாரம் அவரிடம்தான் கேட்பார்கள். எப்படிச் சாப்பிடுகிறாள், எப்படித் தூங்குகிறாள், எரிச்சல் உண்டா, தலை சுற்றுகிறதா. அவரும் கைகட்டிப் பதில் சொல்வார். ஐயா, நீங்கள் எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றுதான் சொல்லியிருப்பார்.

மேசைக்கு ஒரு சட்டமும் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் அம்மாள், அக்காவின் தட்டை உற்றுப் பார்க்காதீர்கள், சாப்பாட்டைப் பற்றிப் பேசாதீர்கள், வேறு ஏதாவது பேசுங்கள் என்று சொல்லியிருந்தாள். அவள் சொன்னது அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அது வளர்ந்துவிட்டது. தட்டைப் பார்க்காதே என்பது முகத்தைப் பார்க்காதே என்று ஆயிற்று. அக்காவைப் பார்க்காதே என்பது யாரும் யாரையும் பார்க்காதே என்று ஆயிற்று. நாங்கள் நாலு பேரும் தலையைக் குனிந்தபடி, மேசையின் மரத்தோடு பேசுகிறவர்களைப்போல் மழையையும் பஸ்ஸையும் பற்றிப் பேசிச் சாப்பிட்டு எழுந்துபோவோம். பழகிவிட்டால் அதுவும் குடும்பம்தான்.

வந்த அன்று இரவே அத்தை அந்தச் சட்டத்தை உடைத்தாள்.

"ஏண்டி, ஒரு கரண்டி பருப்புக்கு இவ்வளவு நாடகமா? எண்ணிப் பார்த்தா எலும்பு ஒண்ணுகூட விட்டுப்போகாது போலிருக்கே!"

அக்கா பாலை ஒரு மடக்கு குடித்து, கைக்குட்டையில் துப்பிவிட்டு எழுந்து போய்விட்டாள். அப்பாவும் ஸ்பூனைக் கீழே வைத்தார். பிறகு, அவள் பிறந்ததிலிருந்து தான் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லியிராத தங்கையைப் பார்த்துச் சொன்னார்.

"இங்க பாரு. இந்த மேசையில வாயைத் திறக்கறதா இருந்தா, விடிஞ்சதும் வண்டியப் பிடிச்சுப் போயிட்டே இரு. யாரையும் பார்க்காத. எதையும் கேக்காத. உனக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அண்ணா" என்றாள் அத்தை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீதிச் சாப்பாட்டை முடித்தாள்.

மறுநாள், விடிவதற்கு முன்னால் அம்மா வேலைக்குக் கிளம்பினாள். பெரிய ஹோட்டல் ஒன்றில் படுக்கை விரிப்புகளுக்கும் துண்டுகளுக்கும் பொறுப்பு அவள். நான் எழுந்து கதவைத் திறந்துவிடப் போனபோது, அப்பாவிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா? இன்னைக்கு எடை குறைஞ்சிருந்தா நல்லதுன்னு தோணுது."

"என்ன பேச்சு பேசற?"

"சேர்த்துக்கட்டும். குழாய விடட்டும். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், அந்த ரூம்ல ஏதாவது சத்தம் கேக்குதான்னு காதைத் தீட்டிக்கிட்டுப் படுக்காம தூங்கணும் எனக்கு. நீங்களும் சாப்பிடணும். உங்க மூஞ்சிய நீங்க கண்ணாடில பார்த்தீங்களா?"

"நீ பெத்தவளா?"

"பெத்ததனாலதான் சொல்றேன். பெக்காதவளா இருந்தா எப்பவோ ஓடிப்போயிருப்பேன்."

அப்பா வாயை மூடு என்றார். அம்மா மூடிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, போய்விட்டாள். அவர்கள் கல்யாண வாழ்க்கையின் கடைசிப் பேச்சு அது.

எனக்கு அன்று பல் லேபில் பிற்பகல் வேலை. பல் இழந்தவர்களுக்கு மெழுகில் பல்வரிசை அடுக்கித் தருகிற வேலை எனக்கு. அதனால்தான் காலையில் வீட்டில் இருந்தேன். குடையும் அதனால்தான் அவசரமில்லாமல் அப்பா மடிக்குப் போயிற்று.

அப்பா மேசையில் தட்டுகளை வைத்தார். அவருக்கும் அக்காவுக்கும் ஆளுக்கு இரண்டு துண்டு ரொட்டி, ஒரு அவித்த முட்டை, ஒரு டம்ளர் பால். இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரு ரொட்டியைத் திருப்பி வைத்தார்.

அக்கா வந்தாள். தட்டைப் பார்த்தாள்.

"கை கழுவிட்டு வரேன்."

"வாம்மா. நான் காத்திருக்கேன்."

"நீங்க ஆரம்பிங்க."

"அதெப்படி? நீ ஒரு வாய், நான் ஒரு வாய்."

குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாளை அப்பா எப்போதோ கழற்றிவிட்டிருந்தார். ஆனால் எடை பார்க்கும் நாளில் அந்தக் கதவை யாரும் தட்டக் கூடாது. அதுவும் எங்கள் சட்டங்களில் ஒன்று, அக்கா போட்டது.

குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி திறந்தது. மறுபடி நின்றது. கை கழுவுகிற சத்தம் இல்லை அது. எடைக்கு முன்னால் வயிற்றை நீரால் நிரப்பிக்கொள்கிறாள். நேற்றிரவு சாப்பிடாமல் விட்டதை இப்படி ஈடு கட்டுகிறாள். எனக்குத் தெரிந்தது. அப்பாவுக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும். நான் என் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை உப்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று வாங்கிய திட்டு அவள் முதுகை நிமிர்த்தி உட்கார வைத்திருந்தது.

சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூடாது. வேறு ஏதாவது பேச வேண்டும். அப்பா பேச ஆரம்பித்தார்.

"ஒரு தடவை ஒரு லிஃப்ட்டு, நாலாவது மாடிக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல நின்னுபோச்சு. உள்ள புதுசா கல்யாணம் ஆனதுங்க ரெண்டு பேர். நான் மேல இருந்து கதவை நெம்பித் திறந்து, எட்டிப் பார்த்துக் கேக்கறேன், பயமா இருக்கான்னு. அந்தப் பையன் சொல்றான், கொஞ்ச நேரம் கழிச்சுத் திறங்களேன்னு!"

அத்தை சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நான் சிரித்தேன். குழாய் திறந்தது, நின்றது.

"ஒரு தடவை ஒரு லிஃப்ட்டு" என்றார் அப்பா. "நாலாவது மாடிக்கும்..."

சொன்ன கதையையே மறுபடி சொன்னார். நாக்கு கொஞ்சம் தடித்திருந்தது. அக்கா வரவில்லை என்ற எரிச்சல், நேரத்தை ஓட்டுகிறார் என்று நினைத்தேன். இரண்டாம் முறையும் சிரித்து வைத்தேன்.

"கதவு திறக்கல" என்றார். "நாலாவது மாடிக்கும்..."

என் குனிந்த கண்ணுக்கு அவருடைய வலது கை மட்டும் தெரிந்தது. ஆள்காட்டி விரல் நகம் மேசையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு நீர் விழுந்தது. இன்னொன்று விழுந்தது. பால் டம்ளரின் ஈரம் என்று நினைத்தேன்.

திடீரென்று அப்பா கத்தினார்.

"பூசணி! ஏய் பூசணி! வாடி வெளிய! பசிக்குதுடி!"

நானும் அத்தையும் உறைந்துபோனோம்.

பூசணி என்பது அக்காவின் செல்லப் பெயர். கொழுகொழுவென்று இருந்த குழந்தைக்கு அப்பாவே வைத்தது. அந்த வீட்டில் சொல்லக் கூடாத சொல் ஒன்று உண்டென்றால் அதுதான். எத்தனையோ வருஷமாக அவர் வாயிலிருந்து அது வந்ததில்லை. பொறுமை போய்விட்டது, இன்று இவர் அவளைக் கொல்கிறார் என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது. பெற்றவர் நிதானம் இழக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்ற கூச்சத்தில் இன்னும் கீழே குனிந்தேன்.

உள்ளே குழாய் முழு வேகத்தில் திறந்துகொண்டது. அந்தச் சொல் அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது.

"பசிக்குதுடி" என்றார் அப்பா, இந்த முறை மெதுவாக. தட்டு அவர் முன்னால்தான் இருந்தது. முட்டை ஒரு கை தூரம்கூட இல்லை.

அப்புறம் நாற்காலி சரிந்த சத்தம்.

அத்தைதான் முதலில் ஓடினாள். சமையலறையிலிருந்து சர்க்கரை டப்பாவைக் கொண்டுவந்து, பாலில் கொட்டிக் கலக்கி, அவர் தலையை மடியில் வைத்து வாயில் ஊற்றினாள். அது கடைவாய் வழியாக வழிந்து அவள் புடவையில் இறங்கியது. "முழுங்குங்க அண்ணா, ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சினாள். அந்த வீட்டில் அந்த வாக்கியத்தை அவரைப் பார்த்து யாரும் சொன்னதில்லை.

அக்கா குளியலறை வாசலில் நின்றாள். முகம் கழுவியிருந்தாள். இரவு உடையின் கீழ் வயிறு மட்டும் தனியாக உப்பியிருந்தது.

"ஊத்தாதீங்க, புரையேறிடும்" என்றாள். "கன்னத்துக்குள்ள தடவுங்க."

"நீ பேசாத!" என்றாள் அத்தை.

பக்கத்து வீட்டு டாக்ஸிக்காரர் அப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். "இவ்வளவு லேசா இருக்காரே" என்று வியந்தபடியே இறங்கினார்.

அக்கா எடை பார்க்கப் போகும் அதே ஆஸ்பத்திரி. மேலே மாடியில் அவளுடைய இடம். கீழே அவசரப் பிரிவு. சின்ன வயசு டாக்டர் பெண் ஒருத்தி அப்பாவை உள்ளே அனுப்பிவிட்டு எங்களிடம் வந்தாள்.

"காலைல இன்சுலின் போட்டாரா?"

"போட்டார்" என்றேன்.

"போட்டதுக்கப்புறம் என்ன சாப்பிட்டார்?"

"ஒண்ணும் இல்ல."

"நேத்து ராத்திரி?"

அக்கா நேற்றிரவு சாப்பிட்டது எனக்குத் தெரியும். ஒரு ஸ்பூன் பருப்பு, ரொட்டியில் நகம் அளவு, துப்பிய பால். அதற்கு முந்தின இரவும் தெரியும். கேட்டால் போன மாதத்தைக்கூடச் சொல்வேன். அப்பா என்ன சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் பார்க்கவில்லை. அக்கா சாப்பிட்டதைக் கொண்டு கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"ஒரு ஸ்பூன் பருப்பு."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். "டயட்ல இருந்தாரா?"

"அவர் இல்ல" என்றாள் அத்தை. விரலை நீட்டினாள். "இவ."

டாக்டர் உள்ளே போனாள். நாங்கள் மூவரும் ஆளுக்கொரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தோம். அவள் திரும்பி வந்தபோது கையுறையைக் கழற்றியிருந்தாள். சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டதாம். ஏற்கெனவே பலவீனமான இருதயம் அதைத் தாங்கவில்லையாம். "எவ்வளவோ முயற்சி பண்ணினோம்" என்றாள். இன்னும் ஏதோ சொன்னாள். அத்தை எழுப்பிய ஓலத்தில் அது கேட்கவில்லை.

அம்மா ஹோட்டல் சீருடையிலேயே ஓடி வந்தாள். முன்கையில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தது. உங்கள் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள் என்று மட்டும் மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு அந்த ஒருவர் யார் என்பதில் சந்தேகமே இல்லை. வழியெல்லாம் அழுதிருந்தாள்.

"எங்க அவ? காலைல சாப்பிட்டாளா? எடை பார்த்தாச்சா? வார்டுல போட்டாச்சா?"

"அம்மா. அக்கா இல்லம்மா. அப்பா."

அம்மாவின் முகம் தளர்ந்தது. நான் அதைப் பார்த்தேன். அன்று காலை முழுவதும் யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தவள், அதை மட்டும் முழுசாகப் பார்த்தேன். தோள் இறங்கியது, ஒரு மூச்சு வெளியே வந்தது.

"அவரா?" என்றாள். "அவருக்கென்ன? சுகர் இறங்கியிருக்கும். ஒரு சாக்லேட் குடுத்தா எழுந்து உக்காருவார்."

அம்மா அத்தையின் புடவையைப் பார்த்தாள். அதில் பாலும் சர்க்கரையும் காய்ந்து வெள்ளையாய்ப் பொருக்குத் தட்டியிருந்தது. அப்புறம்தான் அத்தையின் முகத்தைப் பார்த்தாள். அங்கேயே, நடைபாதைத் தரையில், உட்கார்ந்துவிட்டாள்.

"நான் பார்த்தேன் அண்ணி" என்று அத்தை விம்மினாள். "வேர்த்து ஊத்துச்சு. சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். யாரையும் பார்க்காத, எதையும் கேக்காதன்னு சொன்னாரே, வாயைத் திறந்தா போயிட்டே இருன்னாரே..."

அத்தை திரும்பினாள். துக்கத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆள் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிடாம சாப்பிடாம இருந்து, கடைசில எங்கண்ணனைத் தின்னுட்டியேடி!"

நடைபாதையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அக்கா அழவில்லை. அவள் குரல் வரைபடக் கோடு மாதிரி நேராக இருந்தது.

"நேத்து மூட வேண்டிய வாயை மூடல. இன்னைக்குத் திறக்க வேண்டிய வாயைத் திறக்கல. நீங்க என்னைப் பேசறீங்களா அத்தை?"

அத்தை கையை ஓங்கினாள். நான் நடுவில் போய்ப் பிடித்துக்கொண்டேன். ஓங்கிய கையை எங்கே இறக்குவது என்று தெரியாமல் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

தரையில் இருந்தபடியே அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"எதிர்ல எதிர்லதானே உக்காருவாங்க ரெண்டு பேரும்? அவருக்கு வேர்க்கும்போது இவ எங்க இருந்தா?"

"கை கழுவப் போயிருந்தா."

"அவ்வளவு நேரமா? ஊசி வேலை செய்யற வரைக்குமா கை கழுவினா?" அம்மாவின் விரல் இறுகியது. "உள்ள என்ன பண்ணிட்டிருந்தா? மறைக்காத. உனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். அக்கா பக்கம் திரும்பினேன்.

நாற்காலி காலியாக இருந்தது.

அம்மாவும் பார்த்துவிட்டாள். கேள்வியை அப்படியே விட்டுவிட்டு என் கையை உதறினாள். "ஓடு. மாடிக்குப் போயிடப் போறா. ஓடுடி!"

படிகளில் ஓடினேன். மேலே போகப் போக என் மனசில் மொட்டை மாடியும் கைப்பிடிச் சுவரும் மட்டுமே வந்தன. அக்கா, வேண்டாம் அக்கா என்று சொல்லிக்கொண்டே ஏறினேன். வழியில் எடை பார்க்கும் அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளிருந்து ஒரு நர்ஸின் உற்சாகமான குரல் கேட்டது.

"செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க. அப்பா வரலையா இன்னைக்கு?"

"கீழ இருக்கார்" என்றது அக்காவின் குரல்.

வாசலில் நின்றுவிட்டேன். அக்கா எடைக் கருவியின் மேல் நின்றுகொண்டிருந்தாள். கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டியிருந்தன. எதிரில் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவள் முறை வந்திருக்கிறது, வந்துவிட்டாள். கீழே என்ன நடந்தாலும் அவளால் வராமல் இருந்திருக்க முடியாது. நோய் என்று அந்த டாக்டர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நர்ஸ் குனிந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"குறையல! வார்டு வேண்டாம், தப்பிச்சீங்க. கீழ போய் அப்பாகிட்ட முதல்ல சொல்லுங்க. பாவம், போன வாரம் எவ்வளவு பயந்து போயிருந்தார் தெரியுமா? உங்களைப் பார்த்துக்கறதுக்கு அவர் இருக்கார், குடுத்து வெச்சவங்க நீங்க."

சொல்லிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட வெளியே போனாள்.

"அக்கா, இறங்கு."

இறங்கவில்லை. சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"அவருக்குப் பசிச்சிருக்குமா?"

"அவர் கத்தினது உன் காதுல விழுந்துச்சே."

"நான் என்னைத் திட்டறார்னு நினைச்சேன்."

படிகளில் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு படி ஏறி, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறுகிற கால். அம்மா.

"அம்மாகிட்ட சொல்லப் போறியா?" என்றாள் அக்கா.

"எதை?"

"குழாயத் திறந்து தண்ணி குடிச்சத."

காலடி மாடி நடைக்கு வந்துவிட்டது. "எங்கடி இருக்கீங்க?" என்ற அம்மாவின் குரல் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தது. அக்கா முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் காலடியில் இருந்த சின்னத் திரையைப் பார்த்தேன்.

போன வாரம் எவ்வளவோ, இன்றும் அவ்வளவே இருந்தாள்.